திரை விலகுமுன் வாசித்த ஒப்பந்தம்

“ஏளா, எஞ்சினியருக்குப் படிச்சு என்னத்துக்கு? காட்டுன எடத்துல கையெழுத்துப் போடத் தெரியலையே ஒனக்கு!”

போன ஆடி மாதம் எதிர்வீட்டுச் செல்வம் அண்ணன் சென்னையிலிருந்து போனில் என்னை இப்படிக் கேட்டார். ஸ்பீக்கர் போட்டிருந்தது. அப்பாவும் அம்மாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். எனக்காக யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று நான் அழுதேன். அதன் பிறகு முருகன் எனக்குச் செய்த உதவியைத்தான் அடியார்களாகிய உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

எங்கள் வீடு மேலகரத்தில் இருக்கிறது. அப்பா சீசன் நேரத்தில் குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். சாரல் இல்லாத மாதங்களில் தென்காசி மார்க்கெட்டில் மூட்டை தூக்குவார். அம்மா பீடி சுற்றுகிறார். இருவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான்தான். கட்டடப் பொறியியல் படித்து முதல் வகுப்பில் தேறினேன். இதை நான் பெருமையாகவே சொல்வேன். என் கல்லூரிச் சான்றிதழ் வந்த அன்று அப்பா கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் அதைத் தொட்டார்.

படித்து முடித்ததும் தென்காசியில் ஒரு எஞ்சினியரிடம் கட்டட வரைபடம் வரையும் வேலை பார்த்தேன். அவர் தொழிலை விட்டுவிட்டு மகன் வீட்டுக்குப் போனதும் எனக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஒரு வருஷம் வீட்டில் இருந்தேன். அப்பாவுக்கு இரண்டு மணிக்கட்டும் வீங்கத் தொடங்கியிருந்தது. ஊரார் தோளைத் தேய்த்துவிடுகிறவர் இரவில் தன் கையை வெந்நீரில் வைத்துக்கொண்டு இருப்பார். தெருவில் போனால், “படிச்ச புள்ள, வீட்லயா இருக்கா?” என்று கேட்பார்கள். வெளியே போவதையே குறைத்துக்கொண்டேன். சாமி கும்பிடக்கூட மனம் வரவில்லை.

அப்போதுதான் செல்வம் அண்ணன் ஒரு ஏஜென்சியில் என்னைப் பற்றிச் சொன்னார். அவரும் அவர்கள் மூலமாக வேலைக்குப் போனவர்தான். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வரைபடம் வரைந்து அனுப்பும் வேலை. சம்பளக்காரியாக இல்லை, சுதந்திர ஒப்பந்தக்காரியாக. இணையத்தில் தேர்வு வைத்தார்கள், நான் தேறிவிட்டேன். ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள் ஒப்பந்தம் மெயிலில் வந்தது. மறுநாள் சாயங்காலத்துக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும் என்றார்கள்.

“படிச்சிட்டுப் போடுதேன் அண்ணே” என்றேன். அதற்குத்தான் முதலில் சொன்ன அந்தப் பேச்சு வந்தது.

அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. எங்கள் வீட்டிலும் அதுதான் வழக்கம். ஒருவர் நம்பிக் கொண்டுவந்த தாளை அவர் கண்ணெதிரே வாசித்துப் பார்ப்பது அவரைச் சந்தேகப்படுவது ஆகும். “இங்கன கை வைங்க” என்று காட்டினால் அப்பா வைப்பார். வைத்துவிட்டு, மையை முடியில் துடைத்துக்கொண்டு, கொண்டுவந்தவருக்குக் காபி கொடுக்கச் சொல்வார். அதுதான் மரியாதை.

அம்மா சொன்னார்: “செல்வம் மூஞ்சில முழிக்க வேண்டாமாட்டி? அவன் நமக்குக் கெடுதலா செய்வான்?”

அன்று ராத்திரி நான் பூஜைப் படத்தின் முன்னால் உட்கார்ந்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு வாய்விட்டு வேண்டினேன். “முருகா, வேலை கொடு என்று கேட்கவில்லை. அது வந்துவிட்டது. யார் மனமும் நோகாமல் இதைப் படித்து முடிக்க எனக்குக் கொஞ்சம் நேரம் கொடு. படித்தது புரிந்தால், அதைச் சொல்ல வாயையும் கொடு.” இதுதான் என் வேண்டுதல். வேறு எதுவும் கேட்கவில்லை.

காலையில் அப்பா குற்றாலத்துக்குக் கிளம்பவில்லை. அருவியில் தண்ணீர் கொட்டுகிற சீசன், கூட்டம் நெரிகிற நாள். அப்படியும், “ஆய்க்குடிக்குப் போவோம். பேப்பர முருகன் காலடியில வச்சு எடுத்து, அங்கனயே கையெழுத்தப் போட்டுரு” என்றார். தென்காசியில் ஒப்பந்தத்தை அச்செடுத்தோம். சாரலில் நனையாமல் இருக்க அப்பா அதை பிளாஸ்டிக் கவரில் போட்டுச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். புதுப் பேனா ஒன்றும் வாங்கினார்.

கோயிலில் சரியான கூட்டம். அபிஷேகம் முடிந்து அலங்காரத்துக்குத் திரை போட்டிருந்தார்கள். “இப்பத் தெறந்துருவாவ” என்றார் முன்னால் நின்ற ஒருவர். திறக்கவில்லை. காவடிகள் வந்துகொண்டே இருந்தன. அப்பா ஒரு தூணோரம் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். செல்வம் அண்ணன் அங்கே இல்லை. அவர் போனில் கூப்பிடவும் முடியாது, கோயிலுக்குள் போனை அணைத்து வைத்திருந்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நேற்றிரவு கேட்ட நேரம் இதுதான்.

“எப்பா, அந்தக் கவரத் தாங்க” என்றேன்.

முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன். ஆங்கிலம்தான், ஆனால் சுற்றி வளைத்த ஆங்கிலம். ஒவ்வொரு வரியையும் எனக்குள் தமிழில் சொல்லிப் பார்த்தேன். பக்கத்தில் பால்குடத்தோடு உட்கார்ந்திருந்த ஒரு அக்கா எட்டிப் பார்த்தார்.

“என்னளா, கோயில்லயும் பரிச்சைக்குப் படிக்கியா? முருகன் பாஸ் போடமாட்டானாக்கும்?”

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். “எம் பொண்ணு எஞ்சினியரு. இது ஆபீஸ் பேப்பராக்கும்.”

“அப்பஞ்சரி. படிக்கட்டும், படிக்கட்டும். நாம பேசப்படாது” என்று சொல்லிவிட்டு, அந்த அக்கா அப்பாவோடு பேசிக்கொண்டே இருந்தார்.

கையெழுத்துப் போட வாங்கின பேனாவால் கோடு போட ஆரம்பித்தேன். என்னைச் சுதந்திர ஒப்பந்தக்காரி என்று ஒரு பக்கம் சொன்னது. அடுத்த பக்கமே, அவர்களிடம் எழுதி அனுமதி வாங்காமல் வேறு யாருக்கும் ஒரு கோடுகூட வரையக் கூடாது என்றது. வேலையை விட்ட பிறகும் இரண்டு வருஷத்துக்கு அந்தத் தடை தொடரும். அவர்கள் நினைத்தால் அன்றைக்கே என்னை நிறுத்தலாம், நான் நிற்க வேண்டுமென்றால் மூன்று மாதம் முன்னால் சொல்ல வேண்டும். வரைபடத்தில் தவறு வந்தால் எவ்வளவு நஷ்டமானாலும் முழுக்க என் தலையில். இதெல்லாம் படிக்கப் படிக்கக் கோபம் வந்தது. ஆனால் பின்னால் வந்த ஒரு பத்தியில் பேனா நின்றுவிட்டது. ஒப்பந்தம் முடியும்வரை என் அசல் சான்றிதழ்கள் எல்லாம் ஏஜென்சியிடம் இருக்க வேண்டுமாம். எப்போது திருப்பித் தருவார்கள் என்று எங்கேயும் எழுதவில்லை.

எங்கள் தெருவில் நர்சுக்குப் படித்த ஒரு பெண் இப்படித்தான் அசலை ஓரிடத்தில் கொடுத்தாள். அரசு வேலைக்கு நேர்காணல் வந்தபோது கையில் காட்ட எதுவும் இல்லாமல் நின்றாள். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

கடைசிப் பக்கத்தையும் முடித்துத் தாள்களைச் சேர்த்து அடுக்கினேன். மணி அடித்தது. திரை விலகியது. ராஜ அலங்காரம். கூட்டம் முழுக்க “அரோகரா” என்றது. எனக்குக் கண்ணீர்தான் வந்தது. நான் முடிக்கும்வரை அவன் காத்திருந்தான். மற்றவர்களுக்கு அது அலங்காரத்துக்கு ஆன தாமதமாக இருக்கலாம். எனக்கு அது பதில்.

வரிசை நகர்ந்து முன்னால் போனோம். அப்பா தாளைக் கேட்டுக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

“எப்பா, இத வைக்க வேண்டாம். என் சர்டிபிகேட்ட எல்லாம் அவங்ககிட்டக் குடுக்கணும்னு எழுதியிருக்கு.”

“எப்பத் திருப்பித் தருவாவ?”

“அது எழுதல.”

அப்பா நீட்டின கையை இழுத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: “எங்கிட்ட எண்ணெய் தேய்க்க வாரவன் வாச்சக் கழத்திக் குடுத்துட்டுப் படுப்பான். எந்திரிச்ச ஒடனே வேங்கிக் கட்டிட்டுத்தான் அருவிக்குப் போவான். அரை மணி நேரத்துக்கே அப்படி. ஒன் படிப்ப நாம எப்படிளா குடுக்கது?”

திருநீறு வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். பஸ் நிறுத்தத்தில் நின்றபடியே ஏஜென்சிக்கு மெயில் எழுதினேன். எந்தெந்தப் பத்தியை மாற்ற வேண்டும், எப்படி மாற்ற வேண்டும் என்று ஒவ்வொன்றாக எழுதினேன். சான்றிதழின் நகல் தருவேன், அசலை வீடியோவில் காட்டுவேன், கையில் தரமாட்டேன் என்றும் எழுதினேன்.

சாயங்காலம் ஏஜென்சி மேடம் பேசினார். “எல்லாருக்கும் இதே பேப்பர்தான்மா. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல.”

“நான் கேக்கேன் மேடம்” என்றேன்.

“அப்போ வேற ஆளப் பாத்துக்குவோம்.”

“உங்க இஷ்டம் மேடம். என் மெயிலுக்கு மட்டும் எழுத்துல பதில் அனுப்புங்க.”

பேசி முடித்துப் போனை வைத்தேன். வேண்டின வாயை அவன் கொடுத்துவிட்டான் என்று தெரிந்தது.

பிறகு வந்த நாட்கள்தான் கடினம். பதில் இல்லை. செல்வம் அண்ணன் போனை எடுக்கவில்லை. அம்மா என்னோடு பேசுவதை நிறுத்தினார். ஒரு மத்தியானம் பீடி சுற்றிக்கொண்டே, தட்டைப் பார்த்தபடி சொன்னார்: “சாமி காலடிக்குப் போன பேப்பரத் திருப்பிக் கொண்டாந்துட்டா. குடுத்தது அவன். வேண்டாம்னு சொன்னது இவ.”

அந்த ஒரு பேச்சு என்னைக் குத்திவிட்டது. உண்மையிலேயே அவன் கொடுத்ததைத் தள்ளிவிட்டேனா? அன்று மறுபடியும் படத்தின் முன்னால் உட்கார்ந்தேன். மனசுக்குள் ஒன்று தெளிவாயிற்று. தாளைக் கொடுத்தது ஏஜென்சி. அதை வாசிக்க நேரம் கொடுத்ததுதான் முருகன். என் மெயிலிலிருந்து ஒரு வரியைக்கூடத் திரும்பப் பெறுவதில்லை என்று முடிவு செய்தேன். “இந்த வேலை போனாலும் உன்னை விடமாட்டேன்” என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

அடுத்த வாரம் புது ஒப்பந்தம் வந்தது. அசல் சான்றிதழ் என்ற பத்தியே இல்லை. வேறு இடத்தில் வேலை செய்யத் தடை இல்லை. அவர்கள் அறிமுகப்படுத்திய நிறுவனத்தோடு மட்டும் ஆறு மாதத்துக்கு நேரடியாகப் பேசக் கூடாது. முன்னறிவிப்பு இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு. நஷ்டத்துக்கு ஒரு வரம்பு. நான் கேட்டதில் ஒன்றை மறுத்திருந்தார்கள்: வரைபடம் கொடுத்த பிறகு பணம் வருவதற்கான காலத்தைக் குறைக்கவில்லை. அதை ஏற்றுக்கொண்டேன். இந்தத் தடவையும் முழுக்க வாசித்துவிட்டு, அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தமிழில் வரிவரியாகச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அம்மா கேட்டார், “இவ்வளவுமா அதுக்குள்ள கெடந்துது?”

இரண்டு நாள் கழித்துச் செல்வம் அண்ணன் பேசினார். குரல் இறங்கியிருந்தது.

“தாயி, என் ஒரிஜினல் எல்லாம் அவங்ககிட்டத்தான் கெடக்கு. அதான் அன்னைக்கு ஒன்மேல எரிஞ்சு விழுந்துட்டேன். எனக்கும் ஒரு மெயில் எழுதித் தாரியா?”

எழுதிக் கொடுத்தேன். அவருக்கு இன்னும் பதில் வரவில்லை. நாங்களும் விடுவதாக இல்லை. அவருக்காகவும் வேண்டிக்கொள்ளுங்கள்.

கார்த்திகையில் ஆய்க்குடிக்குப் போய் முருகனுக்கு நன்றியாகப் படிப்பாயசம் போட்டோம். ஆற்றுப் படியில் ஊற்றின பாயசத்தைப் பிள்ளைகள் குனிந்து அள்ளிக் குடித்தார்கள். அம்மாதான் ஊற்றினார். அப்பாவின் மணிக்கட்டுக்கு இப்போது மருந்து போடுகிறோம். இந்தச் சீசனுக்கு அவர் எண்ணெய்ப் பெட்டியை எடுக்கவில்லை.

அடியார்களே, கையெழுத்துக் கேட்டு ஒரு தாள் வந்தால் சாமி காலடியில் வைக்குமுன் வாசித்துவிடுங்கள். புரியாவிட்டால் புரிந்தவரிடம் கேளுங்கள். வாசிப்பது நம்பிக்கைக் குறைவு இல்லை. நேரம் வேண்டுமா, அவனிடம் கேளுங்கள். துணிச்சல் வேண்டுமா, அதையும் கேளுங்கள். எனக்குக் கொடுத்தவன் உங்களுக்கு இல்லை என்று சொல்லமாட்டான்.

தடை நீங்கியதால் இன்னொரு நிறுவனத்துக்கும் விண்ணப்பம் போட்டிருந்தேன். போன வெள்ளிக்கிழமை அவர்களுடைய ஒப்பந்தம் வந்தது. படித்துவிட்டேன். இரண்டு பத்திகளை மாற்றச் சொல்லி இன்று காலை எழுதி அனுப்பிவிட்டேன்.