மெதுவாக ஓடிய என் பஸ் பாட்டு

நான் பாடி வெளிவந்த ஒரே இசைத்தட்டில் ஒரு பஸ்ஸைத் திட்டியிருக்கிறேன். ஆவடியில் எங்கள் குவார்ட்டர்ஸ் நிறுத்தத்தில் கூட்டத்தைப் பார்த்ததுமே வேகமெடுக்கும் பஸ் அது. என் அண்ணனுக்குப் பாதுகாப்புத் தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை. ஷிஃப்ட் முடிந்தால் கிடார். அவனும் கூட்டாளிகளும் சேர்ந்து ஒரு பாப் குழு வைத்திருந்தார்கள். 'நில்லு நில்லு பஸ்ஸே, என்னை விட்டுட்டுப் போறியே, நியாயமா' என்று அவன்தான் எழுதினான். அந்தப் பஸ்ஸைத் தினமும் திட்டிப் பழகியவள் என்ற ஒரே தகுதியில் என்னைப் பாடச் சொன்னார்கள்.

பதிவு நகரத்தில் ஒரு ஸ்டூடியோவில் நடந்தது. எல்லோருக்கும் சேர்த்து ஒரே மைக். டிரம்ஸ் சத்தம் அதிகம் என்று அதை வாசித்தவரைத் தள்ளித் தள்ளி உட்காரவைத்து, கடைசியில் வராந்தாவுக்கே அனுப்பிவிட்டார்கள். பஸ்ஸுக்காக ஒரு லாரிக்காரரிடம் ரப்பர் பந்து வைத்த ஹாரனை இரவல் வாங்கியிருந்தோம். அதை அமுக்கினாலே எனக்குச் சிரிப்பு வந்துவிடும். எத்தனை முறை எடுத்தாலும் அதே கதை. ஸ்டூடியோக்காரர் அலுத்துப்போய், "சிரிப்போடவே இருக்கட்டும், கிளம்புங்க" என்று முடித்துவிட்டார்.

ரேடியோவில் அந்தப் பாட்டைப் போடவில்லை. கடையில் வாங்கவும் ஆளில்லை. அண்ணன் சளைக்கவில்லை. கல்யாணம், திருவிழாவுக்கு ரேடியோ செட் கட்டுகிறவர்களைத் தேடிப்போய் இலவசமாகக் கொடுத்துவிட்டு வந்தான்.

என் பாட்டை முதன்முதலாக வெளியில் கேட்டது வானகரத்தில், ஒரு கோயில் திருவிழாவில். தென்னை மரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரில் யாரோ ஓர் ஆண் மனம் உடைந்து பாடிக்கொண்டிருந்தான். ஹாரன் சாவு வீட்டுச் சங்குபோல நீளமாக ஊதியது. இழுபட்ட வார்த்தைகளில் 'என்னை விட்டுட்டுப் போறியே' மட்டும்தான் புரிந்தது; என் சிரிப்பு விம்மலாகிவிட்டிருந்தது. பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள், "பொண்டாட்டி பூட்டா போல கீது, பாவம்" என்று உச்சுக்கொட்டினார்.

வந்த கோபத்தில் நேராகச் செட்டுக்காரரிடம் போனேன். நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சுற்று சுற்ற வேண்டிய தட்டை முப்பத்து மூன்றில் விட்டிருந்தார்; அதில்தான் என் குரல் ஆண் குரலாகியிருந்தது.

"அண்ணே, ஸ்பீடு தப்பா இருக்கே?"

"தெரிஞ்சேதாம்மா வச்சுகீறேன். சின்ன பிளேட்டு, சட்டுனு முடிஞ்சுடுது. மெதுவா உட்டாத்தான் ஒரு டீ குடிச்சுட்டு வர முடியுது" என்றார். "அதுவும் இல்லாம, இப்டி வச்சாத்தான் ஜனம் நின்னு கேக்குது. உன் ஸ்பீடுல வச்சா ஒருத்தனும் திரும்பிப் பாக்கல."

ஒரு வருடத்துக்குள் திருமழிசை வரை குழாயில் பாடிய அந்த ஆள் பிரபலமாகிவிட்டான். எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

இதற்கிடையே கள்ளிக்குப்பத்திலிருந்து எனக்கு வரன் வந்தது. மாப்பிள்ளைக்கு அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேலை. பெண் பார்க்க வந்த எல்லோரும் பஜ்ஜியைப் பார்க்க, அவர் மட்டும் மூலையில் இருந்த கிடாரைப் பார்த்து, "நீங்க வாசிப்பீங்களா?" என்று கேட்டார். "பாடுவேன்" என்றேன். அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. மறுநாளே அவருடைய அம்மாவிடமிருந்து சேதி வந்தது: கல்யாணத்துக்கு அப்புறம் பெண் மேடையில் பாடக் கூடாது. சின்ன வயதில் கணவரை இழந்து, வயல் வேலை செய்து ஒரே மகனை ஆளாக்கியவர். அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாதாம். எங்கள் வீட்டில் எல்லோரும் என் சார்பில் தலையாட்டிவிட்டார்கள். எனக்கு மாப்பிள்ளையும் வேண்டும், பாட்டும் வேண்டும். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் பந்தல் போட்டு நிச்சயதார்த்தம் நடந்தது. செட்டு கட்டியவர் அதே வானகரத்துச் செட்டுக்காரர். பஸ் பாட்டை மட்டும் தொடவே கூடாது என்று அண்ணன் அவரிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். ஆனால் பந்தி ஆரம்பித்ததும் அவருக்குப் பசி வந்துவிட்டது. பழக்கதோஷத்தில் அந்தத் தட்டையே மெதுவாக ஓடவிட்டு, இலையில் போய் உட்கார்ந்துவிட்டார்.

குழாயில் அந்த மனம் உடைந்த ஆள் பாட ஆரம்பித்தான். என் வருங்கால மாமியார் பாயசத்தைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "இந்தப் பாட்டக் கேட்டாலே மனசு ஆற மாட்டேங்குது. யாரு பெத்த புள்ளையோ, இப்ப எங்க எப்டி கீதோ" என்றார்.

எனக்குத் தடை, அவனுக்கு மட்டும் கண்ணீரா? பட்டுப்புடவையும் குனிந்த தலையுமாக உட்கார்ந்திருந்தவள் எழுந்து போய், விசையை நாற்பத்தைந்துக்குத் தள்ளினேன். என் குரல் துள்ளிக்கொண்டு வெளியே வந்தது. ஹாரன் அடித்தது. குழாயில் நான் சிரித்தேன். பந்தலில் ஒருவரும் சிரிக்கவில்லை. அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"யாரு இது?" என்றார் மாமியார்.

"நான்தான் அத்தை. முன்னாடி பாடினதும் நான்தான். மெதுவா வச்சா ஆம்பளைக் குரல் மாதிரி கேக்கும்."

அவர் என்னையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்தார். கல்யாணம் நின்றுவிட்டது என்றே நினைத்தேன்.

"அப்ப அவன் பொண்டாட்டி சாவலியா?"

"யாரும் சாகலை அத்தை. பஸ்ஸு நிக்காம போயிடுச்சு, அவ்வளவுதான்."

"ஒரு வருசமா அந்தப் புள்ளைக்காக சாமிகிட்ட வேண்டிக்கினு கீறேன்" என்று பெருமூச்சு விட்டுப் பாயசத்தைக் கையில் எடுத்தார். பாதி குடித்த பிறகு, "சரி, நீ பாடிக்கோ. ஜனத்த இப்டி ஏமாத்தாம பாடு" என்றார்.

கல்யாணத்துக்குப் பிறகும் பாடினேன். பூந்தமல்லியில் கச்சேரி நடந்தபோது அத்தை முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஆனால் நான் வெளியே போய்விட்டுச் சொன்னதைவிடச் சீக்கிரம் திரும்பும் சில நாட்களில், சாத்திய கதவுக்குள்ளிருந்து அந்த ஆளின் குரல் கேட்கும். என் கணவர் புதிதாக வாங்கிவைத்த பிளேயரில் அத்தை விசையை முப்பத்து மூன்றுக்குத் தள்ளியிருப்பார். மாமனார் இறந்து காரியம் முடிந்த மறுநாளே அத்தை நடவுக்குப் போனார் என்றும், அழுது யாரும் பார்த்ததில்லை என்றும் அக்கம்பக்கத்தில் சொல்லியிருந்தார்கள். பாட்டு முடியும்வரை நான் வாசலிலேயே நிற்பேன். உள்ளே போய் விசையை மாற்ற எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.