போசரியில் கை துடைத்த துணி

2005 மே மாதம், ஒரு திங்கட்கிழமை காலை ஆறே முக்காலுக்குப் புனே நிலையத்தில் இறங்கினேன். கூட இரண்டு மரப்பெட்டிகள். உள்ளே நாற்பது பல்சக்கரங்கள். கோவையில் நான் வேலை செய்யும் லேத் பட்டறைக்குப் புனே கம்பெனி ஒன்று கொடுத்த முதல் ஆர்டர். போசரியில் அவர்கள் சொன்ன மின்சார உலையில் வைத்துக் கடினப்படுத்தி, மறுநாள் காலை ஒப்படைக்க வேண்டும். தவறினால் அடுத்த ஆர்டர் கிடையாது என்று முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார்.

போசரி அங்கிருந்து பதினாறு கிலோமீட்டர். ஆட்டோக்காரர் நூற்றைம்பது ரூபாய் கேட்டார். எனக்கு இந்தி வராது. பேரம் பேசக் கூச்சம். தலையாட்டிவிட்டு ஏறினேன். பெட்டியைத் தூக்கி வைத்தவர் மூச்சு வாங்கியபடி, "சோனா ஹை க்யா?" என்றார். தங்கமா என்று கேட்டாராம், பிறகுதான் தெரிந்தது. "இரும்புங்க" என்றேன். புரியாமலே இருவரும் சிரித்தோம்.

உலைக்காரர் முருகேசன். வேலூர்ப் பக்கத்துக் குடும்பம். அப்பா இங்கே வெடிமருந்துத் தொழிற்சாலையில் இருந்தவர்.

"வாங்கண்ணே, மொதல்ல சாய் குடிங்க. பத்து மணிக்குப் போட்டா நாலு மணிக்கு எண்ணெயில இறக்கிடலாம்."

"நடுவுல கரண்ட் நிக்காதுங்களா?"

"பழைய நிலக்கரி ப்ளாண்ட் ஒண்ண மூடிட்டாங்க. அதுக்குப் பதிலா வர வேண்டியது இன்னும் வரல. ஒவ்வொரு லைனுக்கும் ஒரு அளவு வெச்சிட்டாங்க. தாண்டினா லைன் கட், கதம். நாங்க பக்கத்து ஷெட்டுக்காரங்க பேசி வெச்சிருக்கோம். டென்ஷன் ஆவாதீங்க."

பத்து மணிக்கு உலைக் கதவு மூடியது. மதியம் இரண்டு வடா பாவ், எட்டு ரூபாய். சும்மா உட்கார முடியாமல், இரண்டு மணிக்குச் சக்கரங்களை இறக்கும் சங்கிலிக்கு கிரீஸ் போட்டேன். கையெல்லாம் கறுப்பு. வாசல் கேட்டில் ஒரு சிவப்புத் துணி தொங்கியது. எங்கள் பட்டறையில் கை துடைக்கும் துணி அப்படித்தான் எங்காவது தொங்கும். அவிழ்த்துத் துடைத்துத் தோளில் போட்டுக்கொண்டேன்.

சற்று நேரத்தில் எதிர் ஷெட்டில் தகடு அழுத்தும் பெரிய பிரஸ் ஓடத் தொடங்கியது. பிறகு பக்கத்து ஷெட்டிலும். இரண்டு நாற்பதுக்கு மின்விசிறி நின்றது.

முருகேசன் கேட்டுக்கு ஓடினார். "துணி எங்க? எவன் எடுத்தான்?"

"நான்தானுங்க. கை துடைக்க..."

"அரே அண்ணே! துணி தொங்கினா உலை ஓடுதுன்னு அர்த்தம். அதப் பாத்துதான் அவங்க மெஷின நிறுத்தி வெக்கிறாங்க. சூடு எறங்கினா உங்க சக்கரம் பழைய இரும்புதான். எல்லாரும் மெஷின் ஸ்விட்ச அணைக்காம லைன் ஏத்தினா மறுபடி விழும். நான் சப்ஸ்டேஷனுக்கு போன் போடறேன், நீங்க ஓடுங்க."

"அவங்ககிட்ட என்னன்னு சொல்றதுங்க?"

"ஒண்ணும் சொல்லாதீங்க. துணியக் காட்டுங்க."

பதினோரு ஷெட். ஒவ்வொரு வாசலிலும் துணியை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தேன். எதிர் ஷெட்டுக்காரர் அதிலிருந்த என் கறுப்பு விரல் தடங்களைப் பார்த்தார், மராத்தியில் ஏதோ சொன்னார், ஆட்கள் சிரித்தார்கள். அவரே போய் ஸ்விட்ச் கைப்பிடியை இறக்கினார். ஆறாவது ஷெட்டுக்கு நான் போவதற்குள் செய்தி எனக்கு முன்னே போய்விட்டது. அங்கிருந்த வெல்டர் என்னைக் கண்டதும் கை துடைப்பதுபோல் நடித்துக் காட்டிவிட்டுத்தான் ஸ்விட்சை அணைத்தார்.

மூன்று ஐந்துக்கு மின்சாரம் வந்தது. முருகேசன் ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்து, ஐந்து மணிக்கு எண்ணெயில் இறக்கினார். ஆறியதும் அரத்தைக் கொடுத்து, "தேச்சுப் பாருங்க" என்றார். அரம் வழுக்கினால் பதம், பிடித்தால் வீண். முப்பத்தெட்டில் வழுக்கியது. கதவோரம் இருந்த இரண்டில் பிடித்தது.

"கம்பெனியில கேட்டா கரண்ட் போச்சுன்னு சொல்லுங்க. பொய் இல்லியே" என்றார் முருகேசன்.

மறுநாள் காலை கம்பெனியில் தமிழ் தெரிந்த ஸ்டோர் அதிகாரி எண்ணிப் பார்த்துவிட்டு, இரண்டு ஏன் குறைகிறது என்றார். துணியைப் பற்றிச் சொன்னேன். சிரிக்கவில்லை. "அந்த ரெண்டை அடுத்த லோடோட அனுப்புங்க" என்று கையெழுத்துப் போட்டார்.

கோவையில் எங்கள் தெருவிலும் மின்சாரம் போகும். அவரவர் ஜெனரேட்டரை ஓட்டுவோம். பக்கத்துப் பட்டறையில் என்ன வேகிறது என்று யாருக்கும் தெரியாது.

பதமாகாத அந்த இரண்டு சக்கரங்களை எடுக்கப் போசரிக்குத் திரும்பியபோது, துணி மறுபடி கேட்டில் தொங்கியது, என் விரல் கறையோடு. முருகேசன் வேறு யாருடைய சரக்கையோ உலையில் வைத்திருந்தார். எதிரே பெரிய பிரஸ் நின்றிருந்தது. அதன் ஆட்கள் வாசலில் உட்கார்ந்து சாய் குடித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஒருவர் அவசரமாக எழுந்து வந்து, தன் தோளில் கிடந்த அழுக்குத் துண்டை என்னிடம் நீட்டினார்.