பதினோராவது பெயர்

போன வாரம் ஆவடியில் பஸ் ஏறினேன். பூந்தமல்லியில் ஒரு துக்கம் விசாரிக்கப் போகவேண்டியிருந்தது. ஷிப்ட் விட்ட நேரம். கூட்டத்தைப் பற்றிச் சொல்லவேண்டுமா? டிரைவர் போட்ட பிரேக்கில் யாரோ ஓர் அம்மாவின் பையிலிருந்து தேங்காய் ஒன்று நழுவி, படிக்கட்டைப் பார்த்து உருண்டது. ஆளாளுக்குத் "தேங்காய், தேங்காய்" என்று குரல் கொடுத்தோமே தவிர, ஒருவரும் குனியவில்லை.

ஒரு கால் நீண்டது. குதிகால் தரையில், முன்பாதம் லேசாகத் தூக்கி... தேங்காய் அதற்கடியில் போய் அடங்கி நின்றது. அவ்வளவுதான். கால்காரி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முகத்தைப் பார்க்கும் முன்பே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. பந்தை அப்படி நிறுத்துகிறவள் எனக்குத் தெரிந்து ஒருத்திதான்.

"கன்னியம்மா..."

திரும்பினாள். கன்னம் ஒட்டியிருந்தது. முன்மயிர் நரைத்திருந்தது. என் வயதுதான் அவளுக்கு. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "செலுவியா? இன்னாமே இப்டி ஊதிட்டே?" என்றாள்.

இந்தப் பத்தியைத் தவறாமல் படிக்கிறவர்களுக்குத் தெரியும் — நான் ஒரு காலத்தில் கால்பந்து ஆடியவள். சந்தர்ப்பம் கிடைத்தால் அதைச் சொல்லாமல் விடமாட்டேன். தாவணிகளைச் சுருட்டிக் கோல் போஸ்ட்டாக வைத்தது, அரை டிராயரோடு ஓடிய எங்களைப் பார்த்து மாமிகள் ஜன்னலைச் சாத்தியது... எல்லாவற்றையும் சிரிக்கச் சிரிக்க எழுதியிருக்கிறேன். நீங்களும் சிரித்துவிட்டுக் கடிதம் போட்டிருக்கிறீர்கள்.

கன்னியம்மாளைப் பற்றி மட்டும் ஒரு வரி எழுதியதில்லை. மறந்துபோய் அல்ல.

அடுத்த ஸ்டாப்பில் இரண்டு பேர் இறங்க, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். ஒரு ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் வேலையாம். எல்லாம் வெளிநாட்டுக்குப் போகிற சரக்காம். பேச்சுவாக்கில் இடுப்பிலிருந்து நாலாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்தாள். சாம்பிளுக்கு வந்த பூட்ஸ் பெட்டிக்குள் கிடந்ததாம். சூப்பர்வைசர் தூக்கிப் போட்டதை இவள் எடுத்து வைத்திருக்கிறாள். வழவழப்பான தாள். பச்சை சட்டை போட்ட பெண்கள் இரண்டு வரிசையாக நிற்கிற படம். காலடியில் பந்து.

"இங்கிலீஸ்ல கீது. இன்னா போட்டுக்கீறான், பட்ச்சு சொல்லு."

என் இங்கிலீஷ் நானாகக் கற்றுக்கொண்டது. தட்டுத்தடுமாறிப் படித்துச் சொன்னேன். அயர்லாந்து என்ற நாட்டில் ஒரு சின்ன ஊர். அங்கே பெண்கள் நடத்துகிற கால்பந்து கிளப்பின் சரித்திரம் அது. ஒரு மில்லில் வேலை பார்த்த பெண்கள் ஆரம்பித்தார்களாம். மைதானம் கிடைக்காமல் ஆடு மேய்கிற சரிவில் ஆடினார்களாம். முதல் வருஷம் ஒரு மேட்ச்கூட ஜெயிக்கவில்லையாம். அதையும் மறைக்காமல் போட்டிருந்தார்கள். கீழே பொடி எழுத்தில் பெயர்கள். ஆடியவர்கள், ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள், கடைசியாக, சட்டைகளைத் துவைத்துக் கொடுத்த ஒரு கிழவியின் பெயர்.

"துணி தொவைச்சவ பேரு கூடவா?"

"ஆமாம்."

அவள் காகிதத்தை வாங்கி மறுபடி நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். எனக்குத்தான் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவிடலாம் போலிருந்தது.

ஏன் என்கிறீர்களா? எங்கள் கிளப்பின் சரித்திரத்தைச் சொல்கிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. ஆவடியில் பாக்டரி குவார்ட்டர்ஸ். மதுரைக்காரர், நாகர்கோவில்காரர், சேலத்துக்காரர் என்று தமிழ்நாட்டின் எல்லாப் பக்கத்துப் பேச்சும் ஒரே தெருவில் கேட்கும். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தேதி உண்டு — அப்பா ரிட்டயர் ஆகிற தேதி. அன்றோடு சம்பளம் போகும், கொஞ்ச நாளில் வீடும் போகும். ஆகவே குவார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்கு ஒரே லட்சியம்தான்... அந்தத் தேதிக்குள் ஒரு வேலை.

கால்பந்துக்கும் வேலைக்கும் முடிச்சுப் போட்டவர் ராஜப்பன் அண்ணன். லேத்தில் வேலை செய்பவர், நாகர்கோவில் பக்கம். சர்ட்டிபிகேட் இருந்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் எங்கேயாவது ஏறிவிடலாம் என்று வீடு வீடாகப் போய் அப்பாக்களிடம் பேசினார். பதினோரு பெண்களைத் தேற்றினார். ஆண்கள் டீம் கழித்துப்போட்ட பந்து, காற்று நிற்காது. கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னை செக்ரட்டரி ஆக்கினார்கள்.

மூன்றாவது மாதமே உமா மகேஸ்வரி நின்றுவிட்டாள். நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் திருச்சி. மீதி பத்துப் பேர்.

மைதானத்துக்கு அந்தப் பக்கம் பழைய கிராமம். வயல், கிணறு, மாடு. அங்கிருந்து மாடு ஓட்டிக்கொண்டு வருகிற பெண்தான் கன்னியம்மாள். எல்லைக் கோட்டைத் தாண்டிப் போகும் பந்தை வெறுங்காலால் உதைத்துத் திருப்பி அனுப்புவாள். நாங்கள் உதைத்ததைவிட நேராக வரும். ராஜப்பன் அண்ணன் ஒருநாள் கூப்பிட்டார். வந்தாள். அன்றைக்கு அவளிடமிருந்து பந்தைப் பிடுங்க எங்கள் பத்துப் பேராலும் முடியவில்லை.

ஆனால் கிளப்பில் சேர ஒரு விதி இருந்தது. பாக்டரித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் மட்டும். என்ன செய்வது? போட்டிக்கு மனு நிரப்பும்போது பதினோராவது வரியில் உமாவின் பெயரையே எழுதிவிட்டேன். யாருக்கும் தப்பாகப் படவில்லை. கன்னியம்மாளுக்கும்தான்.

"எந்தப் பேர்ல கூப்ட்டா இன்னா? பந்து என்னாண்டதானே வரும்" என்றாள்.

ஆரம்பத்தில் "உமா, பாஸ்!" என்று கத்தினால் திரும்பமாட்டாள். ராஜப்பன் அண்ணன் திட்டுவார். பிறகு பழகிவிட்டது. எந்த அளவுக்கு என்றால், ரேஷன் கடையில் யாரோ ஒரு தாய் தன் குழந்தையை உமா என்று கூப்பிட, இவள் திரும்பிப் பார்த்ததை நானே கண்டிருக்கிறேன். உமா விட்டுப்போன பூட்ஸைத்தான் போட்டுக்கொள்வாள். உள்பக்கம் இங்க்கில் 'உமா' என்று எழுதியிருக்கும்.

மூன்று வருஷம். மூன்று கோப்பை. கோல்களில் பாதிக்கு மேல் அவளுடையது. கோட்டுக்கு வெளியே நின்று, "ஊட்டுக்குப் போய் கஞ்சி காச்சுங்கமே" என்று கிண்டல் செய்தவர்கள்கூட, பந்து அவள் காலுக்குப் போனதும் பீடியைக் கீழே போட்டுவிட்டுப் பார்ப்பார்கள். போட்டி முடிந்து வருகிற சர்ட்டிபிகேட்டை அவள் கையால் வாங்கமாட்டாள். என் பெயர் இல்லாத காகிதம் எனக்கு எதற்கு என்பாள். நான் அதைத் திருச்சிக்குத் தபாலில் அனுப்பிவிடுவேன். செக்ரட்டரி அல்லவா?

மூன்றாம் வருஷம் ஃபைனல். பார்க்க வந்த ஓர் அம்மா, ஆட்டம் முடிந்ததும் கன்னியம்மாளைக் கூப்பிட்டார். ஏதோ ஒரு சர்க்கார் இலாகாவில் பெண்கள் டீம் புதிதாகத் தொடங்குகிறார்களாம். வேலை நிச்சயமாம். பெயரைக் கேட்டார். கன்னியம்மாள் எங்களைப் பார்த்தாள். பிறகு, "உமா மகேசுவரி" என்றாள். பள்ளி சர்ட்டிபிகேட்டும் விளையாட்டு சர்ட்டிபிகேட்டும் எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை வரச்சொன்னார்.

பள்ளி சர்ட்டிபிகேட்டில் கன்னியம்மாள். விளையாட்டு சர்ட்டிபிகேட்டில் உமா மகேஸ்வரி. உமாவோ அப்போது கைக்குழந்தையோடு திருச்சியில்.

ஞாயிற்றுக்கிழமை கிளப் அறையில் கூடினோம். கேரம் போர்டைச் சுற்றிப் பத்துப் பேர். கன்னியம்மாள் வாசல்படியில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். ராஜப்பன் அண்ணன் சுற்றி வளைக்கவில்லை.

"ஆடுனது இவதான்னு நான் எழுதிக் குடுக்கேன், பிள்ளைகளா. என் வேலைக்கு என்ன வந்தாலும் வரட்டும். ஆனா மூணு கப்பும் போயிரும். உங்க சர்ட்டிபிகேட்டும் வெறுந்தாளாப் போயிரும். நான் ஒருத்தன் முடிவெடுக்கது சரியில்ல. நீங்க சொல்லுங்க."

எங்கள் அப்பா ரிட்டயர் ஆக நாலு மாதம் பாக்கி. என் மனு ஒன்று ஓர் ஆபீசில் இருந்தது. அந்த சர்ட்டிபிகேட்டின் நகலோடு.

யாராவது பேசமாட்டார்களா என்று எல்லோரும் எல்லோரையும் பார்த்தோம். கடைசியில் ஒரு குரல் வந்தது.

"அவங்களுக்கு நெலம் இருக்குண்ணே. வேலை இல்லன்னாலும் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்ல. நமக்கு அப்பா ரிட்டயர் ஆனா தெருதான்."

மற்ற ஒன்பது பேரும் தலையை ஆட்டினார்கள். மூச்சு விட்டார்கள் என்றே சொல்லலாம். ராஜப்பன் அண்ணன் வாசல்பக்கம் பார்த்தார். கன்னியம்மாள் பூட்ஸைச் சோடியாகச் சுவரோரம் வைத்தாள். எழுந்தாள். மாட்டுக்குத் தண்ணி காட்டணும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தக் குரல் என்னுடையது.

அப்புறம் அவள் மைதானத்துக்கு வரவில்லை. பதினோராவது ஆள் கிடைக்கவில்லை. ஒவ்வோர் அப்பாவாக ரிட்டயர் ஆனார்கள், வண்டி வைத்துச் சாமான் ஏற்றினார்கள். எங்கள் கிளப்பின் சரித்திரம் அவ்வளவுதான். எனக்கு வேலை கிடைத்தது. இன்றைக்கும் நான் சாப்பிடுகிற சாப்பாடு அந்த சர்ட்டிபிகேட் போட்டதுதான்.

சில வருஷம் கழித்துத் திருச்சியில் உமா வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் மூன்று சர்ட்டிபிகேட்டும் கண்ணாடி பிரேமுக்குள் தொங்கின. அவள் வீட்டுக்காரர், "இவ அந்தக் காலத்துல பெரிய பிளேயராமே" என்று பூரித்துப்போய்க் கேட்டார். உமா என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. கேசரி சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

பஸ் கரையான்சாவடியை நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் இறங்கவேண்டிய இடம். இப்போது கேட்காவிட்டால் எப்போது? கையைப் பிடித்துக்கொண்டேன். அன்றைக்கு அப்படிப் பேசியது நான்தான், உனக்குத் தெரியுமா என்றேன்.

"தெரியாம இன்னா? வாசல்லதானே குந்தினு இருந்தேன்."

தப்புப் பண்ணிவிட்டேன் என்றேன். உங்களுக்கு நிலம் இருக்கிறதே என்ற தைரியத்தில் சொல்லிவிட்டேன் என்றேன். இப்போதும் சமாதானம் சொல்லத்தான் வாய் போகிறது, பாருங்கள்.

அவள் சிரித்தாள். கோபமில்லாத சிரிப்பு. அதுதான் தாங்கவில்லை.

"அது எங்க நெலம் இல்ல, செலுவி. குத்தகை. மாடும் நெலத்துக்காரனுதுதான். அடுத்த வருசமே பிளாட்டு போட்டானுங்க, எங்கள அனுப்பிட்டானுங்க. அப்பால எங்கப்பா ரொம்ப நாள் இல்ல."

குவார்ட்டர்ஸ்காரர்களுக்கு வயலில் நிற்கிறவர் எல்லாம் வயலுக்குச் சொந்தக்காரர். பத்து வீட்டிலும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே, கன்னியம்மா..."

கம்பியைப் பிடித்து எழுந்தவள், ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள்.

"யாரும் கேக்கலியே" என்றாள்.

பஸ் நின்றது. இறங்கி, கூட்டத்தில் கலந்துவிட்டாள். எந்தச் சந்துக்குள் திரும்பினாள் என்று தெரியவில்லை.

மூன்று வருஷம் ஒரே மைதானத்தில் கூட ஓடியிருக்கிறோம். அவள் வீட்டு வாசல் எந்தத் திசையைப் பார்த்து இருந்தது என்றுகூட எங்களில் ஒருத்திக்கும் தெரியாது.