வரப்பைத் தாண்டிய சாமைக் கதிர்

எங்கள் தோட்டத்தில் சிக்னல் கிடைப்பது ஒரே இடத்தில்தான். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறிக் கிடக்கும் சரிவைக் கடந்தால் ஒரு மொட்டைப் பாறை. காலையில் அதன்மேல் நின்றால் மூடுபனி முழங்கால்வரை இருக்கும், கைபேசியில் இரண்டு கோடு இருக்கும். அந்த இரண்டு கோட்டை நம்பித்தான் இணையத்தில் ஒரு பக்கம் நடத்துகிறேன்.

தினம் ஒரு கவிதை, வரி உடைக்காமல், பேசுகிற மாதிரி. அதற்குக் கீழே 'சும்மா ஒரு சேதி'. மரவள்ளிக் குச்சியைத் தலைகீழாக நட்டாலும் முளைக்கும், கொஞ்சம் கோபித்துக்கொண்டு முளைக்கும் என்பது போல ஏதாவது. லாரி ஓட்டுகிறவர், தையல்காரர், ஸ்கூல் வேன் வருவதற்குள் ஐந்து நிமிஷம் கிடைத்த அம்மாக்கள், இவர்கள்தான் என் வாசகர்கள். கவிதையைத் தாண்டிக் குதித்துச் சேதிக்குப் போய்விடுவார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் பொய். ஊர் ஊராக வேலை மாறி, எந்த ஊரிலும் கால் தங்காமல், தலை நரைத்த பிறகு இந்த மலையில் பிறந்த பகுதியான திருப்புலி நாட்டுக்குத் திரும்பி வந்தவன் நான். எங்கேயோ ஒருவர் கடைசி வரிவரை வாசித்தார் என்று தெரிந்தால் போதும், அன்றைக்குப் பாறையிலிருந்து இறங்கும் கால் வேறு மாதிரி இறங்கும்.

ஒரு நாள் சேதிக்குப் பதிலாக ஒரு கேள்வி போட்டேன். மலைக்கு வரும் எழுபது கொண்டை ஊசி வளைவில் உங்களுக்கு எத்தனையாவதில் காது அடைக்கும்?

"இருபது."

"அறுபது. அது வரைக்கும் நான் தூங்கிருவேன்."

"காது எங்கீங்க அடைக்குது? பக்கத்து சீட்டுக்காரரு வாந்தி எடுத்ததுதான் ஞாபகம்."

இந்தக் கலாட்டாவுக்கு நடுவில், செம்பருத்திப் பூவை முகப்புப் படமாக வைத்திருந்த ஒரு பெண் எழுதியிருந்தார்: "முப்பத்தி ஏழு. எறங்கறப்ப அடைக்காதுங்க. அழுகதான் வரும்."

மறுநாள் அவரே தனியாகச் செய்தி அனுப்பினார். பிறந்தது தேவனூர் நாடு. வீட்டுக்குப் பிடிக்காத கல்யாணம். கட்டிக்கொண்டவர் அடிவாரத்து முள்ளுக்குறிச்சிக்காரர், கட்டட வேலை. இவரும் சித்தாள் வேலைக்குப் போகிறார். பதினோரு வருஷமாக மேலே வரவில்லை. அப்பா போன பிறகு காடு அண்ணன் கையில்.

"மலையப் பாத்துக்கிட்டேதானுங்க தெனமும் துணி காயப்போடறேன். எங்க காட்டுல சாமை பழுத்திருக்கும் இப்ப. ரெண்டா பொளந்த பாறைக்குக் கீழ, ஜோடி பலாமரம். அந்தப் பக்கம் போனா ஒரே ஒரு படம் எடுத்து அனுப்பறீங்களா?"

இப்படி ஒருவர் கேட்டு யார்தான் சும்மா இருப்பார்கள்? அந்த வாரமே வண்டியை எடுத்துக்கொண்டு தேவனூருக்குப் போனேன். பாறை இருந்தது. பலா இருந்தது. சாமை தலை கவிழ்ந்து, பழுப்பும் பொன்னுமாகக் காற்றில் சாய்ந்து நிமிர்ந்தது. படம் எடுத்தேன். அவருக்கு மட்டும் அனுப்பியிருக்க வேண்டும். வாசகர் கூட்டம் வைத்திருக்கிறவனின் அரிப்பு, மேலே ஒரு கவிதையும் எழுதிப் பக்கத்திலேயே போட்டுவிட்டேன்.

சாயங்காலத்துக்குள் கீழே ஒரு வரி வந்தது. "இது எங்க காடு. நேர்ல வாங்க." அந்தப் பெண்ணின் அண்ணன்.

மறுநாள் தேவனூர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். கையில் டீயும் கைபேசியும்.

"ஏனுங்க, நீங்களும் மலைக்காரருதானே? புதுசு படைக்கறதுக்கு முன்னால கதிரு வரப்பத் தாண்டக் கூடாதுன்னு தெரியாதுங்களா?"

தெரியும். அறுத்த புதுத் தானியத்தைப் பொங்கிச் சாமிக்குப் படைக்கும்வரை நாங்கள் அதை வாயில் வைப்பதில்லை, யாருக்கும் எடுத்துக் கொடுப்பதும் இல்லை. படமும் அந்தக் கணக்கில் வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"கதிரை நான் தொடலீங்க. படம்தானே" என்றேன்.

டீ ஆற்றிக்கொண்டிருந்த அக்கா சொன்னார்: "படத்த வெச்சு சோறாக்க முடியாது சாமி. உட்டுருங்க."

"சாமி இன்னும் பாக்கலீங்கக்கா. அதுக்குள்ள நானூறு பேரு பாத்துட்டாங்க. ஒருத்தன் 'சூப்பர் மச்சி'ங்கறான்."

"சாமிகிட்ட போன் இல்லாததுக்கு இவரு என்ன பண்ணுவாரு?"

அவர் சிரிக்கவில்லை. கடையில் சிக்னல் இருந்தது, அவர் கண்ணெதிரேயே படத்தை நீக்கினேன். படைக்கும்வரை யாருக்கும் காட்ட மாட்டேன் என்று வாக்கும் கொடுத்தேன்.

அடுத்த நாள் பாறையில் ஏறியதும் அவர் தங்கையின் செய்தி. "ரெண்டு நாளாக் கான்கிரீட் வேலைங்க, போனைத் தொடவே முடியல. எங்க காடு வந்துச்சுன்னு பக்கத்தூட்டுப் பொண்ணு சொல்றா. தேடித் தேடிப் பாக்கறேன், காணமே?"

படம் என் கையில்தான் இருந்தது. ஒரு தட்டு தட்டினால் மலையிறங்கிப் போய்விடும். பதினோரு வருஷம் கண்ணுக்கு எட்டி, காலுக்கு எட்டாமல் நின்ற காடு. அதைப் பார்க்க வேண்டிய ஒரே ஒருவரைத் தவிர நானூறு பேர் பார்த்துவிட்டார்கள். வாக்கைக் காப்பாற்றுவதா, அவர் கண்ணை நிறைப்பதா? பாறையிலேயே வெயில் ஏறும்வரை நின்றுவிட்டு, பதில் எழுதாமல் மறுபடி தேவனூருக்குப் போனேன்.

அண்ணன் களம் மெழுகிக்கொண்டிருந்தார். படம் கேட்டது யாரென்று சொன்னேன். சாணிக் கையோடு நிமிர்ந்து நின்றார்.

"முப்பத்தி ஏழுன்னு எழுதுனதப் பாத்தப்பவே தெரியுமுங்க. நாமக்கல் போயிட்டு வாரப்ப அந்த வளைவுலதான் அப்பா அவ காதப் பொத்துவாரு."

"அப்படீன்னா அனுப்பட்டுங்களா? அவங்களுக்கு மட்டும்?"

"வேண்டாங்க."

"சாமிக்குப் படைச்சப்புறம்?"

"அப்பவும் வேண்டாங்க." மறுபடி குனிந்து மெழுக ஆரம்பித்தார். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "படத்தப் பாத்துட்டா மனசு ஆறிரும். அப்புறம் எதுக்கு வரப்போறா?"

"வரச் சொல்லலாமுங்களே."

"நானெப்படிங்க சொல்லுவேன்? போயிருன்னு சொன்னவனே நான்தானே." சாணித் தண்ணீரை அள்ளித் தெளித்தார். "வர்ற புதன்கெழம படைக்கறோம்."

புதன்கிழமையை மனதில் ஏற்றிக்கொண்டு வண்டியைத் திருப்பினேன்.

பாறைக்குத் திரும்பி வந்து தங்கைக்கு எழுதினேன். எத்தனையோ கவிதையை இரண்டு நிமிஷத்தில் ஏற்றியவன், இந்த நாலு வரியை அடித்து அடித்து எழுதினேன். படத்தை அனுப்ப மாட்டேன். அண்ணன் அனுப்ப வேண்டாம் என்றார். பார்த்துவிட்டால் நீங்கள் வரமாட்டீர்கள் என்று சொன்னார். புதன்கிழமை புதுசு படைக்கிறார்கள்.

அனுப்பியது போய்ச் சேர்ந்துவிட்டது. அவர் வாசித்துவிட்டார் என்றும் கைபேசி காட்டியது. பதில் இல்லை.

அடுத்த நாளும் இல்லை. வழக்கம்போலக் கவிதை போட்டேன், சேதி போட்டேன். லாரிக்காரர் சிரித்தார், தையல்காரர் சந்தேகம் கேட்டார். செம்பருத்தி வரவில்லை. கீழே பனி விலகும்போதெல்லாம் அடிவாரத்து வீடுகள் தீப்பெட்டி கொட்டினாற்போலத் தெரியும். அதில் எந்த மாடியில் துணி காய்கிறது என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு தூரத்தில் என்ன தெரியும். ஆனாலும் பார்த்தேன். இந்த ஏக்கம் அவருடையதா என்னுடையதா என்று அந்த இரண்டு நாளில் எனக்கே குழம்பிவிட்டது. நானும் எத்தனையோ ஊரிலிருந்து இந்த மலையை நினைத்துக்கொண்டு துணி காயப்போட்டவன்தான். வா என்று சொல்ல எனக்கு யாரும் இல்லை, வராதே என்று சொல்லவும் யாரும் இல்லை. அதனால் சுலபமாக வந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஒரு செய்தி வந்திருந்தது.

"ஏனுங்க, தேவனூருக்குக் காலைல மொத பஸ்ஸு இப்ப எத்தன மணிக்குங்க? பழைய டைமேதானா?"

எனக்குத் தெரிந்த நேரம் ஒன்று இருந்தது. மாறியிருந்தால் என்ன செய்வது? வண்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போய், கண்டக்டர் வரும்வரை காத்திருந்து கேட்டேன். அங்கே சிக்னல் இல்லை. அன்றைக்குக் கவிதையும் சேதியும் போடவில்லை. பாறைக்கு ஓடி வந்து, மூச்சு வாங்க, பஸ் நேரத்தை அனுப்பினேன்.