தோல் வளர்த்தேன், கால் புதைத்தேன்

தோல் வளர்க்கும் படிப்பில் தோலைத் தவிர மற்ற எல்லாம் வளரும்: தாடி, வயது, பூஞ்சணம். என்னோடு சேர்ந்து அவதிப்படும் ஆராய்ச்சி மாணவர்களே, என்ன படிக்கிறாய் என்று ஊரில் யாராவது கேட்டால் வாயைத் திறக்காதீர்கள். நான் திறந்தேன்; புண்ணை மூடும் தோலை ஆய்வுகூடத்தில் வளர்க்கிறேன் என்றேன். சீனி வருத்தத்தால் கால் விரலில் ஆறாத புண்ணோடு இருந்த என் வாப்பா கேட்டுக்கொண்டிருந்தார். மனிதருக்குப் பயன்பட இன்னும் பல வருடம் ஆகும் என்பதை மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சொல்லிவிட்டேன்.

மீன் சந்தையில்

தோலின் உயிர்க்கலங்கள் பற்றிப்பிடித்து வளர ஒரு மெல்லிய சவ்வு வேண்டும். கூடப் படித்தவர்கள் பன்றியிலிருந்து எடுத்த ஜெலட்டினில் செய்தார்கள். எனக்கு மனம் வரவில்லை. மீன் தோலில்தான் செய்வேன் என்று மேற்பார்வையாளரிடம் அடம்பிடித்தேன். லீவில் வந்தபோது கல்முனைக்குடியில் இரண்டு மீன் வாங்கி, தோலை மட்டும் உரிக்கச் சொல்லி ஐஸ் பெட்டியில் வைத்து, மீனை அங்கேயே விட்டேன். வியாபாரி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, பூன கூட மீனயும் சேத்துத்தான் கொண்டு போகும்."

பெருநாள் லீவில்

கலங்களுக்கு இரண்டு நாளைக்கொரு தடவை ஊட்டம் மாற்ற வேண்டும். அவற்றுக்குப் பெருநாள் தெரியாது. அதனால் ஊருக்குப் போகவில்லை. அப்படியும் பூஞ்சணம் பிடித்து, பெருநாளன்று காலையில் எல்லாவற்றையும் கொட்டினேன். பின்னேரம் உம்மா போனில் அழுதா. விரலை எடுக்கச் சொன்ன டொக்டரிடம் வாப்பா முடியாது என்றுவிட்டாராம். புண் பாதத்துக்கு ஏறிவிட்டதாம். என் தோலை நம்பாதீர்கள், வெட்டச் சொல்லுங்கள் என்று வாப்பாவிடம் சொல்லத்தான் போனை அவரிடம் கொடுக்கச் சொன்னேன். வெட்கம் விடவில்லை. டொக்டர் சொல்வதைக் கேளுங்கள் என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

"நீ அவசரப்படாம வளத்து முடி மகன், நான் பொறுத்திரிக்கன்."

ஆசுபத்திரியில்

முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். எங்கள் வழக்கப்படி, எடுத்த காலையும் மண்ணில் அடக்க வேண்டும். வெள்ளைத் துணியில் சுற்றி வாங்கி, மச்சானின் ஓட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு மையவாடிக்குப் போனேன். கனமாக இருந்தது. ஒரு விரலோடு போயிருக்க வேண்டியது, என் வாயால் இவ்வளவாயிற்று என்று வழி முழுக்க அழுதேன். திரும்பி வந்தபோது வாப்பா விழித்திருந்தார்.

"அடக்கிட்டியா? சரி. இனி அந்தத் தோல வேற ஆருக்காவது குடு மகன்."

வேறு யாருக்கோ கொடுக்க வேண்டிய அந்தத் தோல் இன்றைக்கு ஐந்து ரூபாய் நாணயக் குற்றியளவு வந்திருக்கிறது. என் ஆய்வேட்டில் அதற்குப் பெயர் 'நல்ல முன்னேற்றம்'.