குவாண்டம் வைத்தியர்

குன்னூரில் ஒரு விடுதிக் கூடத்தில் ஒருவர் ‘குவாண்டம் சிகிச்சை’ வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். எங்கள் பள்ளிக் கணக்கு டீச்சர் அவர் பேச்சை நம்பிச் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டார். அதனால்தான் இயற்பியல் சொல்லித்தரும் நானும் ஒருநாள் டீச்சரோடு போனேன்.

குளிரிலும் ஸ்வெட்டர் போடாமல், கசங்காத வெள்ளை ஜிப்பாவில் அந்த மனிதர் உட்கார்ந்திருந்தார். எந்தக் கேள்விக்கும் முதலில் கண்ணை மூடிப் புன்னகைப்பார். அதையே ஞானம் என்று கூட்டம் எடுத்துக்கொண்டது.

“எலெக்ட்ரானை நாம பார்த்தாலே அது மாறிடுது. நோயை நம்பிக்கையோட பாருங்க, அதுவும் மாறிடும்” என்றார்.

நான் எழுந்தேன். “ஏனுங்க, அங்க பார்க்கறதுன்னா கருவியில அளக்கறதுங்க. ரூமுல ஆளே இல்லீன்னாலும் கருவி அளந்தா மாறும். நம்ம நம்பிக்கைக்கு அங்க வேலையே இல்லீங்க.”

கண்ணை மூடினார். “நீங்க புத்தகத்துலயே நின்னுட்டீங்க மேடம்.”

எல்லோரும் சிரித்தார்கள், கணக்கு டீச்சரும்தான்.

அடுத்த மாதமே டீச்சர் வகுப்பில் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரிக்கு அந்த மனிதரும் பார்க்க வந்தார். “நீங்க பயத்தோட பார்த்திருக்கீங்க, அதான் இப்படி ஆயிடுச்சு” என்றார், படுத்திருந்தவரிடமே.

அவரை வெளியே தள்ளத்தான் எழுந்தேன். ஆனால் அவர் கண்கள் கலங்கியிருந்தன. அந்த உளறலை அவர் மனதார நம்பியிருக்கிறார். வெறும் ஏமாற்றுக்காரர் என்றால் அன்றே மறந்திருப்பேன்.

டீச்சர் இப்போது மாத்திரை சாப்பிடுகிறார், அவரை மன்னித்தும்விட்டார். எனக்கு அந்தக் கண்ணீரை என்ன செய்வதென்றுதான் இன்னும் தெரியவில்லை.