முகம் பார்த்து நடத்திய அருங்காட்சியகம்

எங்கள் அத்தானுக்கு முதுகெலும்பு இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இடுப்புவலிக்கு எக்ஸ்ரே எடுத்தபோது நானே பார்த்தேன், முழுசாக இருந்தது. பயன்படுத்தாமல் புத்தம் புதிதாக வைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

அவர் என் அக்காவின் கணவர், நகர அருங்காட்சியகத்தின் இயக்குநர். நான் அதே கட்டடத்தில் விளக்கும் மைக்கும் பார்ப்பவன். நிர்வாகக் குழு கூடும்போதெல்லாம் மூலையில் ஒயர்களோடு உட்கார்ந்திருப்பதால் அந்தப் பெரிய மனிதர்களின் லட்சணம் எனக்கு அத்துப்படி.

சட்டப்படி அந்த இடம் தன்னாட்சி பெற்றது. அரசு பணம் கொடுக்கும். எதைக் காட்சிக்கு வைப்பது என்று குழுதான் முடிவு செய்யும். அமைச்சகத்திலிருந்து ஒரு மேற்பார்வையாளர் மட்டும் வருவார். அவருக்கு ஓட்டும் கிடையாது, பேச்சும் கிடையாது. பிஸ்கட் தின்றுவிட்டுப் போகவேண்டியவர். வாய் திறக்காத மனிதர் என்பதால் அத்தானும் குழுவும் அவர் முகத்தைப் படிக்கத் தொடங்கினார்கள். அவர் புருவம் நெரிந்தால் அந்த விஷயம் தள்ளிவைக்கப்படும். சிரித்தால் நிறைவேறும். தூங்கிவிட்டால் ஏகமனதாக நிறைவேறும். ஊழியர்கள் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் வானிலை. "இன்னிக்கு வானிலை எப்படிடா?" என்று அத்தானே என்னிடம் கேட்டிருக்கிறார், கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

இப்படிப்பட்டவர்தான் கிடங்குத் தீயைப் பற்றி ஒரு காட்சிக்கூடம் அமைக்கக் கிளம்பினார். அரசாங்கத் தானியக் கிடங்கு அது. வெளியிலிருந்து பூட்டிய கதவுக்குப் பின்னால் சுமைதூக்கிகள் வெந்து செத்தார்கள். எங்கள் அப்பா அவர்களில் ஒருவர். அவர்கள் நினைவாக ஊரில் ஒரு கல்கூடக் கிடையாது. அப்பாவின் அலுமினிய டிபன் பாக்ஸ், ஒரு மூலை உருகிப்போனது, அக்காவின் பீரோவில் துணிக்கு அடியில் இருந்தது. அத்தான் அதைக் கெஞ்சி வாங்கினார்.

"ஊரே பாக்கட்டும்மா. மாமா எப்படிச் செத்தாருன்னு நாலு பேருக்குத் தெரியட்டும். எவன் என்ன சொன்னாலும் நான் பாத்துக்கறேன்."

அக்கா நம்பிக் கொடுத்தாள். எனக்கே அவர்மேல் மரியாதை வந்து தொலைத்தது. அதை வைத்த கண்ணாடிப் பெட்டிக்கு மேலே விளக்கை நானே பொருத்தினேன்.

திறப்பு நாளைக் குறிக்கக் குழு கூடியது. "கிடங்குத் தீ..." என்று அத்தான் ஆரம்பித்ததுதான் தாமதம், வானிலையின் முகம் அஷ்டகோணலானது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு "ஸ்ஸ்ஸ்" என்றார். மைக் அதை அறை முழுக்கப் பரப்பியது.

அத்தானுக்கு வேர்த்துக் கொட்டியது. "இதெல்லாம் உணர்ச்சிகரமான விஷயம், அவசரப்படக் கூடாது" என்றார் குழுவிலிருந்த பேராசிரியை. போன கூட்டத்தில் இன்னும் ஏன் தாமதம் என்று துள்ளியவரும் அவரேதான். இன்னொரு உறுப்பினரான ஓய்வுபெற்ற நீதிபதி வழக்கம்போல் தலையாட்டினார். கூடத்தின் திறப்பைத் தள்ளிவைத்தார்கள். ஒரு வார்த்தை பேசாத மனிதருக்குப் பயந்து இத்தனை படித்தவர்கள் ஒடுங்கினார்கள்.

கூட்டம் முடிந்ததும் வானிலை நேராக என்னிடம் வந்தார்.

"தம்பி, பக்கத்துல பல் டாக்டர் யாராவது இருக்காங்களா? பிஸ்கட்டைக் கடிச்சேன், உயிரே போயிடுச்சு. அப்புறம் என்ன பேசினாங்கன்னே தெரியல."

அவருக்கு வழிகாட்டிவிட்டு அத்தானின் அறைக்கு ஓடினேன். விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். வெட்கப்படுவார் என்றுகூட நினைத்தேன்.

"பல்வலியா?" என்றார். கொஞ்சம் யோசித்தார். "ஆனா தள்ளிவச்சாச்சேடா. மறுபடி எடுத்தா ஏன் தள்ளினீங்கன்னு கேப்பாங்க. எதுக்கும் அமைச்சகத்துல ஒரு வார்த்தை கேட்டுடறேன்."

"கேக்கவே வேண்டாம்னுதானே அத்தான் சட்டம் போட்டிருக்கு?"

"கேக்கக் கூடாதுன்னு போடலையே."

கேட்டார். அடுத்த கூட்டத்துக்கு வானிலை பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். முதன்முறையாகக் குழுவின் முன்னால் வாயைத் திறந்தார்.

"நீங்க பாட்டுக்கு வச்சிருந்தா யாரும் எட்டிக்கூடப் பாத்திருக்க மாட்டோம், சார். கேட்டுட்டீங்க. வைங்கன்னு சொல்ல எங்க ஆபீஸ்ல எவனுக்குத் தைரியம் இருக்கு? வேண்டாம்னுட்டாங்க."

அமைச்சகத்து ஆளே பரிதாபப்பட்டார். அத்தானோ வீட்டுக்கு வந்து ஜெயித்த மாதிரி சோபாவில் சாய்ந்தார். "பாத்தியா? அன்னிக்கே மோப்பம் பிடிச்சேன். கூடம் திறந்திருந்தா என் நிலைமை என்ன ஆகியிருக்கும்?"

அக்கா அவர் முன்னால் வந்து நின்றாள். "சரிங்க. அப்பாவோட டிபன் பாக்ஸைக் கொடுத்துடுங்க."

"அது இப்ப அருங்காட்சியகச் சொத்தும்மா. எதுக்கும் மேல ஒரு வார்த்தை..."

அக்கா அவரை முடிக்க விடவில்லை. "தம்பி, அந்தக் கண்ணாடிப் பெட்டியோட சாவி உன்கிட்டதானே இருக்கு? வா" என்று செருப்பை மாட்டினாள். அத்தான் தடுப்பார் என்று பார்த்தேன். அதற்கும் ஒரு துணிச்சல் வேண்டுமே. வாசல்வரை பின்னாலேயே வந்து, "ஒரு பையில போட்டு எடுத்துட்டு வாங்க, யார் கண்ணுலயும் பட்டுடப் போகுது" என்று கிசுகிசுத்தார்.

நான் பை கொண்டுபோயிருந்தேன். அக்கா வாங்கவில்லை. அந்த உருகிய டிபன் பாக்ஸை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு கடைத்தெரு வழியாக நடந்தே வந்தாள். என்ன இது, எப்படி இப்படி உருகியது என்று கேட்ட ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொன்னாள்.